“ஒரு சத்து மாத்திரை கொடுங்க”: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரில் 22 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடி எங்கள் கடையில் அதிகம் போவது சத்து மாத்திரைதான். வாங்க வருகிறவர்களின் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரே பதிலை நாளுக்கு நாலு தடவை சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, டி.ஃபார்ம் படித்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு தம்பி. ஒரு சத்து மாத்திரை கொடேன்?

கொடுக்கலாம். ஆனால் எந்தச் சத்து? அசதி என்று வருகிறவர்களில் ஒருவருக்கு ரத்தசோகை இருக்கும், இன்னொருவருக்கு தைராய்டு, மூன்றாமவருக்கு இன்னும் கண்டுபிடிக்காத சுகர். ராத்திரி பன்னிரண்டு மணி வரை போன் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவருக்கும் அசதிதான். மன அழுத்தமும் முதலில் உடம்பு அசதியாகத்தான் வெளியே தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது இவற்றோடு அசதியும் இருந்தால் காசநோய்க்கு சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே பி-காம்ப்ளக்ஸ் அட்டையைக் கொடுத்தால் எல்லோரும் திருப்தியாகப் போவார்கள். சிறுநீர் மஞ்சளாகப் போவதைப் பார்த்து ‘மருந்து வேலை செய்யுது’ என்றும் சொல்வார்கள். அது ரிபோஃப்ளேவின் என்ற பி2-வின் நிறம். உடம்புக்குத் தேவைப்படாமல் வெளியே போவது அது. இரண்டு மூன்று வாரமாக அசதி விடவில்லை என்றால் முதலில் ஹீமோகுளோபினும் சுகரும் பாருங்கள். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

நம்ம பக்கம் எந்தச் சத்து அதிகமாக் குறையுது?

கடைக்கு வரும் சீட்டுகளை வைத்துச் சொன்னால் இரும்பு, பி12, விட்டமின் டி இந்த மூன்றும்தான். இரும்பு பற்றாமல் வரும் ரத்தசோகை பெண்களிடம் சர்வசாதாரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ், கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ், ஆணுக்கு 13-க்குக் கீழ் போனால் ரத்தசோகை என்று கணக்கு. ‘எனக்கு எப்பவுமே 9தான் இருக்கும்’ என்று பெருமை போலச் சொல்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். எப்பவுமே இருப்பதால் அது சரி என்று ஆகிவிடாது.

நான் நல்லாத்தானே சாப்பிடுறேன். ரத்தம் எப்படிக் குறையும்?

உள்ளே போவதை மட்டும் பார்த்தால் போதாது, வெளியே போவதையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பெண்கள் இதை எங்களிடம் சொல்லத் தயங்குவார்கள். டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள். மூலத்தில் ரத்தம் போவது, வயிற்றுப் புண், கொக்கிப்புழு இவையும் ரத்தத்தைக் குறைக்கும்.

அப்புறம் சாப்பாட்டோடு குடிக்கும் டீ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின், சாப்பாட்டில் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டா ஏறிடாதா?

குறையாமல் பார்த்துக்கொள்ள முருங்கைக்கீரை நல்லது. குறைந்துபோனதை ஏற்றுவதற்கு அது மட்டும் பற்றாது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 அளவீடு. 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இருப்பது சுமார் நாலரை மில்லிகிராம். கீரையில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும். பேரீச்சம்பழம் பெயர் வாங்கிய அளவுக்கு இரும்புள்ள பண்டம் இல்லை. 100 கிராமில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம், மீதியெல்லாம் சர்க்கரை. சுகர்க்காரர்கள் ‘ரத்தம் ஊறும்’ என்று தினம் பத்துப் பழம் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டாலோ வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் ஆட்டுக்கறியும் சுலபமான வழி. ஹீமோகுளோபின் 9, 8 என்று இறங்கியவர்களுக்கு மாத்திரை இல்லாமல் ஆகாது.

இரும்பு மாத்திரை போட்டா வயித்தைப் புரட்டுது, கறுப்பாப் போகுது. நிறுத்திடவா?

கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். (இரும்பு மாத்திரை எதுவும் போடாமலே தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதாக இருக்கலாம்.) வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். தாங்கவில்லை என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், ராத்திரி படுக்கப் போகும்போது போடலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் முறையும் உண்டு, அதிலும் நன்றாகச் சேர்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பாலோடும் டீயோடும் மட்டும் விழுங்காதீர்கள்.

ஹீமோகுளோபின் 12 வந்திடுச்சு. இனி மாத்திரை எதுக்கு?

12 வந்தது ரத்தத்தில். உடம்பின் இருப்பு இன்னும் காலி. அறுவடை முடிந்த கையோடு சாப்பாட்டுக்கு மட்டும் நெல் எடுத்துக்கொண்டு விதைநெல்லை மறந்த மாதிரி. எண் சரியான பிறகும் பொதுவாக மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். இருப்பைக் காட்டும் பரிசோதனைக்கு ஃபெரிட்டின் என்று பெயர்.

நாங்க சுத்த சைவம். பி12-க்கு என்ன சாப்பிடணும்?

பால், தயிர், மோர், பன்னீர். அவ்வளவுதான். காய், கீரை, பருப்பு, பழம் எதிலும் பி12 இல்லை. மண்ணிலும் விலங்கின் வயிற்றிலும் இருக்கும் பாக்டீரியாதான் அதை உண்டாக்குகிறது. பெரியவருக்கு நாளைக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம் போதும், கண்ணுக்கே தெரியாத அளவு. பால், தயிரைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அரை லிட்டர் அளவுக்காவது தினம் உள்ளே போக வேண்டும். காபியில் ஊற்றும் அரை டம்ளரை நம்பிப் பலன் இல்லை. முட்டை சேர்த்துக்கொள்கிறவர்களுக்குக் கொஞ்சம் சுலபம்.

பாலும் வேண்டாம் என்று முழுத் தாவர உணவுக்கு மாறிய பிள்ளைகள் இப்போது எங்கள் ஊரிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கொள்கை அவர்களுக்கு. ஆனால் பி12 மாத்திரை கட்டாயம். ஈரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருப்பதால் முதல் இரண்டு மூன்று வருடம் ஒன்றும் தெரியாது, ‘பாத்தீங்களா, நல்லாத்தானே இருக்கேன்’ என்பார்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அந்த அவகாசம்கூடக் கிடையாது. தாய்க்கு பி12 இல்லையென்றால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பின்தங்கும்.

இட்லி மாவு புளிக்குதே, அதுல பி12 இருக்காம். பழைய சோத்துலயும் இருக்காமே?

பழைய சோறு எனக்கும் பிடிக்கும், அதற்காகப் பொய் சொல்ல முடியாது. புளிப்பதால் மற்ற சில பி வைட்டமின்கள் கூடலாம். பி12-க்கு அதை நம்பி உட்கார முடியாது. ஸ்பைருலினா தூளும் அப்படித்தான். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 மாதிரியே தோற்றம் காட்டும், நம் உடம்புக்குப் பயன்படாத வேறொரு பொருள்.

நாங்க ஆடு, மீன் எல்லாம் சாப்பிடுறவங்க. எனக்குப் போய் பி12 கம்மின்னு வந்திருக்கே?

சாப்பிடுவது ஒன்று, சேர்வது ஒன்று. பி12 உடம்பில் சேர வேண்டுமானால் முதலில் வயிற்றின் அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துப்போய்ச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சேர்க்க வேண்டும். வழியில் எங்கே அறுந்தாலும் குறைதான்.

எங்கள் கடையில் நான் பார்க்கும் முக்கியமான இரண்டு காரணங்களும் மாத்திரைகள்தான். ஒன்று, சுகருக்கு வருடக்கணக்கில் போடும் மெட்ஃபார்மின். இன்னொன்று, ‘கேஸ் மாத்திரை’ என்று காலையில் வெறும் வயிற்றில் எல்லோரும் போடும் பேன்டபிரசோல், ஒமிபிரசோல் வகை. பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே போகும். மெட்ஃபார்மினை இதற்காக நிறுத்தாதீர்கள், அது நல்ல மருந்து. வருடத்துக்கு ஒருமுறை பி12 பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் கேஸ் மாத்திரையை, ‘எட்டு வருஷமாப் போடுறேன், யார் எழுதினாங்கன்னு ஞாபகம் இல்லை’ என்கிறவர்கள், இன்னும் அது தேவைதானா என்று ஒருதடவை கேட்டே ஆக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உபகாரம். மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் டாக்டரை வருடத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கால் மதமதன்னு இருக்கு, ஊசி குத்துற மாதிரி இருக்கு. சுகராலயா, பி12-ஆலயா?

இதற்கு என் வீட்டுக் கதையே இருக்கிறது. அம்மாவுக்குப் பதினொரு வருடமாக சுகர். பாதம் மரத்துப்போகிறது என்றார்கள், ‘சுகர்னா அப்படித்தான்’ என்று நானே சொன்னேன். மருந்துக்கடைக்காரன் மகன், கேட்கவா வேண்டும். ஒருநாள் காலை முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவர்கள் அப்படியே தள்ளாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள். கண் திறந்திருக்கும்வரை கண் பார்த்து உடம்பை நிறுத்திவிடும். மூடினால் காலின் உணர்வுதான் நிறுத்த வேண்டும், அது போய்விட்டது. நாக்கைப் பார்த்தால் வழவழவென்று சிவந்து, எரிகிறது என்று ஒரு மாதமாகக் காரமே சேர்க்கவில்லையாம். விரல் மூட்டுகள் மேல் கறுத்திருந்தன, அதை நாங்கள் வெயில் என்று நினைத்திருந்தோம். பரிசோதித்ததில் பி12 130-தான் இருந்தது. 200-க்குக் கீழ் என்றால் குறைவு.

சுகரும் கால் நரம்பைக் கெடுக்கும், பி12 குறைவும் கெடுக்கும், இரண்டும் சேர்ந்தும் கெடுக்கும். அறிகுறியை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. சுகரை முழுக்கத் திருப்ப முடியாது, பி12 குறைவைத் திருப்பலாம். அதனால் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். அம்மாவுக்கு ஊசிக்குப் பிறகு நாக்கெரிச்சல் இரண்டே வாரத்தில் போனது. பாதத்தின் மரப்பு பாதிதான் போனது. நரம்பு நாள்பட்டுக் கெட்டால் முழுதாகத் திரும்புவதில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் போடும் ‘நரம்பு மாத்திரை’ அட்டையைக் காட்டி ‘இதே கொடுங்க’ என்பவர்கள் உண்டு. அதில் பி12-ஓடு பிரிகேபலின் சேர்ந்திருக்கும். அது வலியைத்தான் அமுக்கும். தூக்கம், தலைசுற்றல் தரும். வயதானவர் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் விழுந்துவிடுவார்.

பி12-க்கு ஊசிதான் நல்லதா? அந்தச் செவப்பு ஊசி ரத்தம் ஊற வைக்குமாமே?

சிவப்பு நிறம் ரத்தத்தால் வந்தது இல்லை. பி12-க்குள் கோபால்ட் உலோகம் இருக்கிறது, அதைச் சுற்றிய அமைப்பு தரும் நிறம் அது. அந்த அமைப்பைக் கண்டுபிடித்த டோரத்தி ஹாட்கினுக்கு 1964-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அவ்வளவு சிக்கலான பொருள்.

நரம்பு பாதித்திருந்தாலோ ரத்தம் மிகவும் குறைந்திருந்தாலோ ஊசியில் ஆரம்பிப்பார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 1000 மைக்ரோகிராம் அளவு மாத்திரையே போதும். குடலில் சேர்க்கும் வழி கெட்டிருந்தாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே ஊறி உள்ளே போய்விடும், நம் தேவைக்கு அது போதும். எத்தனை நாள் என்பது காரணத்தைப் பொறுத்தது. சாப்பாட்டில் இல்லாததால் வந்ததென்றால் சாப்பாட்டைத் திருத்தும்வரை. வயிறு சுரப்பதே நின்று வந்ததென்றால் ஆயுள் முழுக்க.

முக்கியமாக, பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசி போட்டுவிட்டு மறுநாள் பரிசோதித்தால் எண் அழகாக வரும், குறை இருந்ததே தெரியாமல் போய்விடும்.

ரத்தம் ஊற ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டா ஆகாதா? அது மலிவா இருக்கே?

பம்பாயில் 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தினார். அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் ஆசிட் என்று தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு இன்று சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்போடு அதுவும் உண்டு.

ஆனால் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ஒரு வில்லங்கம். ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும், எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டே போகும். பி12 பார்க்காமல் நீங்களாக அதை மாதக்கணக்கில் போடாதீர்கள். கர்ப்பிணிகள், சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம், அது வேறு விஷயம்.

தினம் காலையில ஆறரைக்கு வெயில்ல நடக்கிறேன். விட்டமின் டி 14-தான் வருது. எப்படி?

ஆறரை மணி வெயிலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் இல்லை என்றே சொல்லலாம். சூரியன் சரிவாக இருக்கும்போது காற்றுமண்டலமே அதைக் குடித்துவிடும். சுலபமான கணக்கு ஒன்று உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் டி கிடைக்கும் நேரம், சுமாராகப் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. நம் தோல் கறுப்பு என்பதால் வெள்ளைக்காரர்களைவிட அதிக நேரம் வேண்டும். முழுக்கை சட்டையும் முக்காடும் போட்டால் தோலில் படாது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் சூடு தரும், டி தராது.

நடைப்பயிற்சியை விடாதீர்கள், அது இதயத்துக்கும் சுகருக்கும். சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணிக்கு நில்லுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு, டி சேர்த்த பால் (பாக்கெட்டில் நீல நிறத்தில் கூட்டல் குறியோடு எஃப் எழுத்து இருக்கும்) எல்லாம் கொஞ்சம் உதவும். 14 என்ற அளவுக்கு மருந்துதான்.

அந்த டி பாக்கெட்டை வாரம் ஒண்ணு போடச் சொன்னாங்க. தினம் ஒண்ணு போட்டா சீக்கிரம் ஏறுமில்ல?

தயவுசெய்து செய்யாதீர்கள். இதை மட்டும் தடித்த எழுத்தில் சுவரில் ஒட்டலாமா என்று யோசித்திருக்கிறேன். ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். நாளொன்றுக்குத் தேவையோ 600. வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் போட்டால் 4,80,000. தினம் ஒன்று இரண்டு மாதம் போட்டால் 36 லட்சம். பி வைட்டமின் மாதிரி இது சிறுநீரில் போகாது, கொழுப்பில் சேர்ந்து நிற்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம் என்று போய்ச் சிறுநீரகமே கெட்டுவிடும்.

சீட்டில் வாரம் ஒன்று என்று எழுதியிருப்பதைத் தினம் ஒன்று என்று படித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. நான் பாக்கெட் மேல் ‘ஞாயிறு’ என்று பேனாவில் எழுதிக் கொடுக்கிறேன். நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாகச் சேரும். எட்டு வாரம் முடிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்காதீர்கள்.

முழு உடம்புப் பரிசோதனை, 80 டெஸ்ட், பாதி விலைன்னு போன்ல வருது. எடுக்கலாமா?

தொந்தரவு ஒன்றும் இல்லாதவர் 80 டெஸ்ட் எடுத்தால் ஏதாவது இரண்டு மூன்று எண் கோட்டைத் தாண்டித்தான் நிற்கும். சாதாரண அளவு என்பதே நல்ல உடம்புக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேரின் எண் உள்ளே வருகிற மாதிரி வகுத்தது. பிறகு அந்த இரண்டு எண்ணுக்குப் பயந்து நாலு டெஸ்ட். நல்ல உடம்போடு இருக்கும் பெரியவர்களுக்கு வைட்டமின் டி பரிசோதனையே வழக்கமாக வேண்டாம் என்று 2024-இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் சொல்லியிருக்கிறது. பிரஷர், சுகர், ஹீமோகுளோபின், வயதுக்கேற்ற புற்றுநோய்ப் பரிசோதனை இவற்றில் பணத்தைப் போடுங்கள். மற்றதை டாக்டர் எழுதட்டும்.

பி12 240-ன்னு வந்திருக்கு. 200-க்கு மேலதானே, நார்மல்தானே?

200-இலிருந்து 300 வரை ரெண்டுங்கெட்டான் இடம். கால் மதமதப்பு, நாக்கெரிச்சல், மறதி இருந்தால் இந்த எண்ணிலும் குறை இருக்கலாம். அப்போது ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் ஆசிட் (பி12 பற்றாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்கள்) பார்ப்பார்கள், இல்லையென்றால் மருந்து கொடுத்தே பார்ப்பார்கள். ரத்த அணுக்களின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. என்ற எண்ணையும் பாருங்கள். 100-க்கு மேலே என்றால் பி12 அல்லது ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் சத்து) பக்கம் சந்தேகம், 80-க்குக் கீழே என்றால் இரும்பின் பக்கம். இரண்டும் குறைந்தவருக்கு ஒன்று பெரிதாக்க, ஒன்று சிறிதாக்க, எண் நடுவில் வந்து நார்மல் மாதிரி ஏமாற்றும்.

முடி கொட்டுது. பயோட்டின் போடட்டுமா?

டெங்கு, டைபாய்டு, பிரசவம், பட்டினி டயட் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும், தானாக நிற்கவும் நிற்கும். இரும்புக் குறைவும் தைராய்டும் காரணமாக இருக்கலாம். பயோட்டின் குறைவு அபூர்வம்.

பலருக்குத் தெரியாத விஷயம்: அதிக அளவு பயோட்டின் ரத்தப் பரிசோதனையையே குழப்பும். தைராய்டு எண் தவறாக வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்டும் தவறலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-இல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்கப் போகும்போது என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள், முடி மாத்திரையும் சேர்த்து.

டயர்டா இருக்கு. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பு வருமே?

அந்த அரை லிட்டர் 5% டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஐந்தாறு ஸ்பூன். நார்மல் சலைன் என்றால் நாலரை கிராம் உப்பு. வாந்தி பேதியில் வாயால் குடிக்க முடியாதவருக்கு அது உயிர் காக்கும். குடிக்க முடிந்தவருக்கு, வெள்ளைத் துண்டு விரித்த கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்திருந்ததுதான் தெம்பு. சுகர், இதயம், கிட்னி பிரச்சினை இருப்பவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

தைராய்டு, இரும்பு, கால்சியம் எல்லாம் எழுதியிருக்காங்க. ஒண்ணா முழுங்கிடலாமா?

கூடாது. தைராய்டு மாத்திரை விடியற்காலை வெறும் வயிற்றில். இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளி. அவை இரண்டும்கூட ஒன்றையொன்று தடுக்கும், ஒன்றை மதியமும் மற்றதை ராத்திரியும் வையுங்கள். ‘மாத்திரை கூட்டியும் தைராய்டு இறங்கலை’ என்று வந்தவர்களில் சிலருக்கு நேரத்தை மாற்றியதுமே சரியாகியிருக்கிறது.

எதுக்கு டாக்டர்? நீங்களே கொடுத்துட வேண்டியதுதானே?

நான் கொடுத்தால் எனக்கு வியாபாரம், உங்களுக்கு ஃபீஸ் மிச்சம். இருந்தாலும் முடியாது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. என்னால் உங்கள் கண்ணிமையை இறக்கிப் பார்க்க முடியாது, வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது. சத்து மாத்திரை கேட்டு வந்த ஒருவருக்கு நாலு மாதம் டானிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆனது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

எந்த டாக்டர்கிட்ட போறது? நேரா நரம்பு டாக்டர்கிட்ட போயிடலாமா?

முதலில் பொது மருத்துவர். அசதி, மதமதப்பு, தலைசுற்றல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பவர் அவர்தான். நாக்குக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர் என்று அம்மாவைக் கூட்டிப்போயிருந்தால் மூன்று சீட்டு வந்திருக்கும், பி12 வந்திருக்காது. சீட்டில் டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண் இல்லாமல் வெள்ளைத் தாளில் எழுதி, வந்தவர்களுக்கெல்லாம் இடுப்பில் ஊசி போடும் இடத்துக்குப் போகாதீர்கள்.

டாக்டர் ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுறார். எதைச் சொல்றதுன்னே தெரியலை?

அதனால் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது, எடை குறைந்ததா. போடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு மேசையில் கொட்டிவிடுங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து. பழைய ரிப்போர்ட்டைத் தேதி வாரியாக அடுக்குங்கள். முக்கியமான தொந்தரவை முதலில் சொல்லுங்கள். கதவு வரை போய்த் திரும்பி ‘அப்புறம் டாக்டர், மலத்துல கொஞ்சம் ரத்தம்...’ என்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். கிளம்பும்முன் ஒரே கேள்வி: ‘இது எதனால குறைஞ்சது டாக்டர்?’

செலவுக்குப் பயந்துதான் போகலை. வழி இருக்கா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு, ஃபோலிக் ஆசிட் மாத்திரை இலவசம். பி12, டி பரிசோதனை எல்லா இடத்திலும் இருக்காது, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். மருந்தை மட்டும் மலிவாக வாங்க மத்திய அரசின் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன. என் வியாபாரத்துக்குப் போட்டிதான், ஆனாலும் சொல்லிவிட்டேன். படுக்கையில் சேர்த்துச் செய்யும் பெரிய வைத்தியத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, மயக்கம், ரத்த வாந்தி என்றால் யோசிக்காமல் 108.

ஆறு மாசமா இரும்பு மாத்திரை போடுறேன். ஹீமோகுளோபின் நகரவே மாட்டேங்குதே?

முதலில், உண்மையாகப் போடுகிறீர்களா? வயிற்றைப் புரட்டுகிறது என்று விட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அடுத்து, டீயோடும் கேஸ் மாத்திரையோடும் போடுகிறீர்களா? மூன்றாவது, ரத்தப்போக்கு நின்றதா? இது எதுவும் இல்லையென்றால் ரத்தசோகையே இரும்பால் வந்ததில்லையோ என்று பார்க்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபை ஒரு பங்கு மட்டும் சுமப்பவர்களுக்கு ரத்த அணு சிறியதாக இருக்கும், இரும்பு சரியாகவே இருக்கும். அவர்களுக்கு வருடக்கணக்கில் இரும்பு கொடுத்துப் பயனில்லை. கல்யாணத்துக்கு முன் இருவரும் அதைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. சிறுநீரகக் கோளாறிலும் ஹீமோகுளோபின் குறையும்.

எனக்கு வயசு 58, ஆம்பளை. ரத்தம் 9-ன்னு வந்திருக்கு. டானிக் குடிச்சா சரியாயிடுமா?

மேலே நான் சொன்ன ஆள் இப்படித்தான் வந்தார். ஆணுக்கு மாதவிடாய் இல்லை, பிரசவம் இல்லை. சாதாரணமாகச் சாப்பிடும் ஆணுக்கு, அதேபோல் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, இரும்பு குறைகிறது என்றால் உள்ளே எங்கேயோ கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், குடலில் கட்டியாகவும் இருக்கலாம். வலி மாத்திரை தினம் போடுகிறவரா, சாராயம் உண்டா என்றும் பார்ப்பார்கள். மலத்தில் மறைந்த ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மேலிருந்தும் கீழிருந்தும் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.

அவருக்கு நான் நாலு மாதம் இரும்பு டானிக் கொடுத்தேன். கொஞ்சம் தெம்பு வந்ததாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது மாதம் மகள் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். பெருங்குடலில் கட்டி. அறுவை சிகிச்சை செய்து இப்போது நடமாடுகிறார், தேங்காய் வாங்கப் போகும்போது கடைக்குள் எட்டிப் பார்த்துக் கையசைப்பார். நாலு மாதம் முன்னாலேயே போயிருக்கலாம் என்று அவர் இதுவரை ஒருதடவைகூட என்னிடம் சொன்னதில்லை. இப்போதெல்லாம் ஐம்பது தாண்டிய ஆண் யாராவது இரும்பு டானிக் கேட்டால், பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டுச் சீட்டைக் கேட்கிறேன்.